வெயில் எந்தப் பக்கம், குழந்தை எந்தப் பக்கம்?

கேள்வி: ஐயா, எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பித் திருவண்ணாமலையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவது வழக்கம். சித்திரை பிறந்ததிலிருந்து போகும்போதும் வரும்போதும் குழந்தையின் முகத்திலேயே வெயில் அடிக்கிறது. சைல்டு சீட்டில் உட்கார மாட்டேன் என்று அழுகிறாள். ரப்பர் குமிழ் வைத்து ஒட்டும் கறுப்பு வலை வாங்கினோம். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் கழன்று விழுந்துவிடுகிறது. கடைக்காரர், “கூலிங் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள், ஒரே வேலையாக முடிந்துவிடும்” என்கிறார். போலீஸ் பிடிக்கும் என்கிறார் கணவர். ஜன்னலில் ஒரு துண்டைச் செருகினால் போதுமே என்பது மாமியாரின் யோசனை. வாரநாட்களில் வண்டி கணவரின் அலுவலகத்துக்கு வெளியே வெட்டவெளியில் நிற்கிறது. மாலையில் ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. நாங்கள் எதை வாங்குவது? சட்டம் எதை அனுமதிக்கிறது?
- ஒரு வாசகி, வேலூர்

பதில்: எதையும் வாங்குவதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. குழந்தையின் சீட்டை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு, அதாவது ஓட்டுநருக்குப் பின்னால் மாற்றுங்கள்.

அது இடது பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ‘போகும்போதும் வரும்போதும்’ வெயில் அடிக்கிறது என்று எழுதியிருப்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை ஏறக்குறைய நேர் தெற்காக இறங்குகிறது. காலையில் தெற்கு நோக்கிப் போகும்போது கிழக்கு உங்களுக்கு இடப்பக்கம். மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கும் இடப்பக்கம்தான். ஆக இரண்டு பயணத்திலும் சூரியன் இடது ஜன்னல் வழியாகவே உள்ளே வருகிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் குழந்தைக்கு இரண்டு வேளையும் நிழல். குடும்பத்தோடு அடிக்கடி ஒரே ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருமே இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நம் ஊரில் வலது கதவு போக்குவரத்துப் பக்கம் திறக்கிறது. குழந்தையை ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் இடது கதவு வழியாகவே இருக்கட்டும். நீங்கள் பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தால் குழந்தைக்கும் வெயிலுக்கும் நடுவில் நீங்களே இருப்பீர்கள். சீட்டைப் பின்புறம் பார்த்தபடி பொருத்தியிருந்தால் பின்கண்ணாடி வெயில் முகத்தில் விழ வாய்ப்புண்டு. அதற்குச் சீட்டோடு வரும் மடிப்புக் கூரையை இழுத்துவிடுங்கள். பின்கண்ணாடியில் எதையும் மாட்ட வேண்டாம். ஓட்டுகிறவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரிந்தாக வேண்டும்.

இப்போது மறைப்புக்கு வருவோம். ஓடும் வண்டிக்குத் தேவையான மறைப்பு வேறு, நிற்கும் வண்டிக்குத் தேவையானது வேறு. கடைகளில் இரண்டையும் ஒரே கொக்கியில் தொங்கவிட்டு ‘சன் ஷேட்’ என்று விற்பதால் வருகிற குழப்பம்தான் பெரும்பாலான வீடுகளில். ஓடும்போது நமக்கு வேண்டியது, நேர்வெயில் தோலிலும் கண்ணிலும் படாமல் இருப்பது. அப்போது உள்ளே குளிர்விக்க ஏ.சி. இருக்கிறது. நிற்கும்போது வேண்டியது, வெப்பமே உள்ளே நுழையாமல் தடுப்பது. முதல் வேலைக்குப் பின்கதவுகளில் மெல்லிய வலைத்துணி போதும். இரண்டாவது வேலைக்கு முன்கண்ணாடியை முழுசாக மூடும் வெள்ளித்தகடு போன்ற மறைப்பு வேண்டும். உங்கள் கறுப்பு வலையால் ஸ்டீயரிங் குளிராது. அது அந்த வலையின் குற்றமில்லை.

ரப்பர் குமிழ் ஏன் கழல்கிறது? உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றித்தான் அது கண்ணாடியைப் பிடிக்கிறது. வெயிலில் ரப்பர் இளகும், எஞ்சியிருக்கும் காற்று விரியும், தூசி இருந்தால் விளிம்பு வழியே காற்று உள்ளே போகும். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குமிழின் விளிம்பையும் லேசாக நனைத்து ஒட்டினால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். நெடுந்தூரப் பயணத்துக்கு அது ஏற்றதில்லை. விழுகிற குமிழைக் குழந்தை வாயில் வைக்கவும் கூடும்.

குமிழே இல்லாமல் மின்னேற்றத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஷீட் ஒன்று கிடைக்கிறது. சின்ன வண்டிக்குப் பரவாயில்லை, ஆனால் கண்ணாடியை இறக்கினால் சுருண்டுவிடும். கதவுச் சட்டத்தில் காந்தத்தால் நிற்கும் வலை பார்க்க அழகாக இருக்கும். சட்டம் இரும்பாக வெளியே தெரியும் கதவுகளில்தான் பிடிக்கும், பிளாஸ்டிக் மூடிய கதவுகளில் பிடிக்காது. நான் உங்களுக்குச் சொல்வது உறை போன்ற வலை. பின்கதவைத் திறந்து, கதவின் மேற்பாதி முழுவதற்கும் தலையணை உறை மாட்டுவதுபோல் மேலிருந்து இழுத்துவிடும் வகை. கண்ணாடிக்கு வெளியே ஓர் அடுக்கு, உள்ளே ஓர் அடுக்கு என்று நிற்கும். கண்ணாடியை இறக்கினாலும் வலை அப்படியே இருக்கும், காற்று வரும், கொசு வராது. வெளி அடுக்கு வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுப்பது இதன் பெரிய பலம். கதவுக்குச் சட்டம் இருக்கும் வண்டிகளில் எல்லாம் பொருந்தும். வாங்கும்போது உங்கள் வண்டியின் பின்கதவு அளவைச் சொல்லி வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் படபடக்கும். மழையில் நனைந்தால் உடனே கழற்றிக் காயவையுங்கள்.

வலையின் தரத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். வாசலுக்கு வந்து வலையை உங்கள் முன்கைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். தோலில் சுள்ளென்று படுகிறதா என்று பாருங்கள். பிறகு அதையே கண்ணுக்கு நேராகப் பிடித்துத் தெருவைப் பாருங்கள். எதிரே போகும் ஆள் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் வாங்கலாம்.

கம்பி வளையம் வைத்துத் தைத்த வலையையும், உறுத்தலான கொக்கிகளையும் தவிருங்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கூரை ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதும் நொடியில் அது ஜன்னலோரமாகக் கீழே பாய்கிறது. வழியில் கம்பியும் கொக்கியும் இருந்தால் அவை குழந்தையின் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். கதவுத் தூணின் மேற்பகுதியில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே கனமாக எதையும் தொங்கவிடக் கூடாது. மாமியார் சொன்ன துண்டும் ஓடும் வண்டியில் வேண்டாம். குழந்தை இழுக்கும், காற்றில் வெளியே பறக்கும், ஓட்டுகிறவரின் கவனம் பின்னால் போகும். அந்தத் துண்டுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முன்பக்கக் கதவுகள் இரண்டிலும் எந்த மறைப்பும் கூடாது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பைக்கைப் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாகத்தான்.

வெயில் என்றால் சூடு மட்டுமில்லை. தோலுக்குள் ஆழமாக இறங்கும் புற ஊதா ஏ கதிரும் அதில் உண்டு. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அது இந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை அடுக்கு. அமெரிக்காவில் 15 நிறுவனங்களின் 29 கார்களை அளந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதம் புற ஊதா ஏ கதிரைத் தடுத்தன. பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71 சதவீதம்தான். வண்டிக்கு வண்டி 44-லிருந்து 96 வரை வித்தியாசம். முன்சீட்டில் படாத வெயில் பின்சீட்டில் சுடுகிறதே என்று குழந்தை அழுதால், அந்த அழுகையில் நியாயம் இருக்கிறது.

இனி சட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கண்ணாடி தயாராகும்போதே அந்த அளவில் இருக்க வேண்டும், அதன்மேல் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ, எத்தனை சதவீதமானாலும் ஒட்டக் கூடாது என்று சொன்னது. நாடெங்கும் சாலையோரத்தில் ஃபிலிமை உரித்துப் போட்டது அதற்குப் பிறகுதான். பின்னால் விதியே திருத்தப்பட்டது. பிளாஸ்டிக் படலத்தோடு கூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் 2021 ஏப்ரலிலிருந்து விதிக்குள் வந்தது. இந்தத் திருத்தத்தை வைத்து, குறிப்பிட்ட அளவு வெளிச்சத்தை விடும் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடைக்காரர் இந்தத் தீர்ப்பைக் காட்டி உங்களுக்கு ஃபிலிம் விற்கலாம். அப்போது ஒரு சின்னப் பெருக்கல் போடச் சொல்லுங்கள். உங்கள் பக்கக் கண்ணாடி தானே 75 சதவீத வெளிச்சம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 52 சதவீதத்துக்குச் சற்று மேல், தேறிவிடும். 60 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 45, தேறாது. சட்டத்துக்குள் நிற்கும் ஃபிலிம் என்பது கண்ணுக்குக் கிட்டத்தட்ட நிறமே தெரியாதது. வெப்பக் கதிரை மட்டும் தடுக்கும் செராமிக் வகைகள் அப்படிக் கிடைக்கின்றன. விலை அதிகம், முகத்தில் விழும் வெளிச்சத்தையும் அவை அவ்வளவாகக் குறைக்காது. கடைக்காரர் மனதில் வைத்திருக்கும் கறுப்பு ஃபிலிம் எந்த ஊரிலும் தேறாது. உச்ச நீதிமன்றத்தின் பழைய உத்தரவும் இன்னும் பேசப்படுவதால், உங்கள் தேவைக்கு ஃபிலிம் வேண்டாம் என்பதே என் முடிவு.

கழற்றி மாட்டும் வலைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ‘வேறு எந்தப் பொருளும்’ என்ற சொற்களை அதன் பக்கமும் திருப்ப ஓர் அதிகாரியால் முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பொதுப் பிரிவான 177-இன்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் வரை அபராதம் உண்டு. பின்கதவில் மட்டும் மாட்டுங்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியிலிருந்து தெரியும் வலையாக இருக்கட்டும், வெயில் சாய்ந்ததும் கழற்றுங்கள், காவலர் கேட்டால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள். எடுக்க முடியும் என்பதுதான் ஃபிலிமைவிட அதற்குள்ள பெரிய அனுகூலம். வண்டி நிற்கும்போது முன்கண்ணாடியை மூடுவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அந்த நிற்கும் வண்டிதான் நிஜமான உலை. வெளிச்சம் கண்ணாடி வழியே எளிதாக உள்ளே வருகிறது. டேஷ்போர்டும் சீட்டும் அதைக் குடித்துச் சூடாகி வெப்பக் கதிராகத் திருப்பி விடுகின்றன. அந்தக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து 2018-இல் வெளியிட்ட கணக்கு இது: ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று 47 டிகிரி செல்சியஸ், ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நிறுத்திய கார்களில் டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42. மர நிழலுக்கு ஈடான சன் ஷேட் இன்னும் வரவில்லை. நூறடி நடக்க வேண்டியிருந்தாலும் நிழல் கிடைத்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

நிழல் இல்லாவிட்டால் முன்கண்ணாடியை மூடுவது முதல் வேலை. ஏன் முன்கண்ணாடி? ஏப்ரல் 24-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் வேலூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கத்திரி முடியும்வரை உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. உச்சி வெயில் செங்குத்தான கதவுக் கண்ணாடிகளில் வழுக்கிப் போகும். படுத்த மாதிரி சாய்ந்திருக்கும் முன்கண்ணாடி அதை முழுசாக வாங்கி டேஷ்போர்டில் கொட்டும். பக்கக் கண்ணாடிகளுக்கு நான்கு வலை வாங்கி மாட்டிவிட்டு முன்கண்ணாடியைத் திறந்தே விடுகிறவர்கள், சின்ன வாசல்களைப் பூட்டிவிட்டுப் பெரிய வாசலை விட்டுவிடுகிறார்கள். அதனால் இருக்கும் காசை முதலில் அதற்கே செலவிடுங்கள்.

வெள்ளிப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டி, ஓரம்வரை நிறைந்து, மேலே இரண்டு சன்வைசர்களும் அழுத்திப் பிடிக்க வேண்டும். டேஷ்போர்டின்மேல் சரிந்து கிடந்தால் பாதிப் பயன்தான். வாங்கப் போகுமுன் கண்ணாடியின் அகலத்தையும் நடு உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வெளியே காந்தத்தால் பிடிக்கும் துணி உறை இன்னும் நன்றாக வேலை செய்யும்; வெயில் கண்ணாடியையே தொடாது. ஆனால் தூசியோடு சேர்த்துக் காந்தத்தை அழுத்தினால் பெயின்ட் கீறும், திருட்டும் போகும். உள்ளே போடும் வகையில் டேஷ்போர்டு, ஸ்டீயரிங் சூடு நன்றாகக் குறையும். உள்காற்றின் சூடு அந்த அளவுக்குக் குறையாது. மாமியாரின் துண்டு இங்கேதான் வருகிறது. வெள்ளைத் துண்டு ஒன்றை ஸ்டீயரிங்மேலும், இன்னொன்றைச் சைல்டு சீட்டின்மேலும் போட்டு வையுங்கள். சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். மாட்டும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

நிறுத்தும் திசையிலும் கொஞ்சம் லாபம் உண்டு. மாலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கிறவருக்கு மேற்கு வெயில்தான் எதிரி. முன்கண்ணாடி மறைப்பு இருந்தால் வண்டியின் முகத்தை மேற்கே வையுங்கள். இல்லாவிட்டால் கிழக்கே. ஏறும்போது எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றி, முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டி, அப்புறம் ஏ.சி. காற்றை உள்சுற்றுக்கு மாற்றினால் சீக்கிரம் குளிரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எந்த மறைப்பும், எத்தனை மறைப்பும், குழந்தையை நிற்கும் வண்டிக்குள் விட்டுப்போகத் துணை நிற்காது. கலிபோர்னியாவில் வெளியே 22 முதல் 36 டிகிரி இருந்த நாட்களில் நடந்து, 2005-இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். தூங்குகிறாளே, மருந்துக் கடையில் ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும் நேரத்திலும் தூக்கிக்கொண்டே போங்கள். வீட்டில் வண்டி நிற்கும்போதும் பூட்டியே வையுங்கள். விளையாட்டாக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட குழந்தைகளுக்கும் இதே ஆபத்து.

கேள்வி: தூத்துக்குடியில் டாக்சி ஓட்டுகிறேன். பின்சீட்டில் வரும் பெண்கள் வெயிலுக்குத் திரைச்சீலை போடச் சொல்கிறார்கள். போடலாமா? குடை மாதிரி விரியும் முன்கண்ணாடி மறைப்பு நல்லதா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: திரைச்சீலை வேண்டாம் அண்ணாச்சி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரிய வேண்டும் என்பதே உச்ச நீதிமன்ற உத்தரவுக்குக் காரணம். திரைச்சீலை அதை நேராக மீறுகிறது. 2021 ஜனவரியில் கேரளப் போக்குவரத்துத் துறை ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்ற பெயரில் ஃபிலிமோடு திரைச்சீலை மாட்டிய வண்டிகளையும் தேடிப் பிடித்தது. திருவனந்தபுரம் சவாரி எடுப்பீர்களானால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடகை வண்டியில் வருகிற பெண்ணுக்கும் வெளியே தெரிவதுதான் பாதுகாப்பு. முன் கேள்வியில் சொன்ன உறை வலை ஒரு ஜோடி டிக்கியில் இருக்கட்டும். கேட்கிறவர்களுக்குப் பகலில் மட்டும் மாட்டிக் கொடுங்கள். இரவு சவாரியில் வேண்டவே வேண்டாம்.

குடை மறைப்பு நாளுக்குப் பத்து முறை நிறுத்தி எடுக்கிற உங்களுக்கு வசதி; சில நொடியில் விரியும், மடியும். கம்பி முனைகள் கண்ணாடியையும் டேஷ்போர்டு திரையையும் கீறாதபடி முனையில் ரப்பர் மூடி உள்ளதாகவும், கைப்பிடி துணி சுற்றியதாகவும் பார்த்து வாங்குங்கள். வெறும் இரும்புக் கைப்பிடி நண்பகலில் கையைச் சுட்டுவிடும். ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கும் நேரத்தில் டேஷ்போர்டின்மேல் பவர் பேங்க், லைட்டர், வாசனை ஸ்ப்ரே எதையும் விட்டு வைக்காதீர்கள். மறைப்பு போட்டிருந்தாலும் அவற்றுக்கு அந்த இடம் ஆகாது.